தங்கவயலிலிருந்து கொள்கைப் படிப்புக்கு

ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம், கோரமண்டல், உரிகம் பக்கம் வளர்ந்து, பி.யூ.சி.யோ பட்டமோ முடித்துவிட்டு, சமூக-பொருளாதாரக் கொள்கையைப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாமா என்று யோசிப்பவருக்காக இந்த அத்தியாயம். எங்கே சேர்வது, எந்தக் காகிதத்தை எப்போது வாங்குவது, பணத்துக்கு என்ன வழி, சேர்ந்த பிறகு சொந்த ஊரையே முதல் ஆய்வாக எப்படிச் செய்வது என்ற வரிசையில் போகலாம். கடைசிப் பகுதிக்குத்தான் இடம் அதிகம் கொடுத்திருக்கிறேன். மற்றதை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இதைச் சொல்லித்தர ஆள் குறைவு.

இது என்ன படிப்பு?

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் கோலார் தங்கவயல் சுரங்கத்தை மூடியது. தங்கம் எடுக்க ஆன செலவு விற்ற விலையைத் தாண்டிப் போனபோது அரசு நட்டத்தைத் தாங்கியிருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா, வேறு தொழில் கொண்டுவந்திருக்க வேண்டுமா என்பது பொருளாதாரக் கொள்கைக் கேள்வி. வேலை இழந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் அடுப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மைன்ஸ் ஆஸ்பத்திரி, குடியிருந்த லைன் வீடு இவையெல்லாம் என்ன ஆகும் என்பது சமூகக் கொள்கைக் கேள்வி. இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கற்பதுதான் படிப்பு. இதற்கு மேல் விளக்கம் முதல் பருவத்தில் தானாகக் கிடைக்கும்.

ஒரு பழைய தொடர்பை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் சமூகக் கொள்கைத் துறைக்கு 1912-இல் அடித்தளம் போட்டது, வறுமையை ஆராய்வதற்காக சர் ரத்தன் டாடா கொடுத்த பணம். ரூபாயைப் பற்றிய தன் ஆய்வை அம்பேத்கர் அதே நிறுவனத்தில்தான் எழுதினார். அவர் 1954-இல் தங்கவயலுக்கும் வந்திருக்கிறார். “இந்தப் படிப்பு நம்மைப் போன்றவர்களுக்கா?” என்று வீட்டில் யாராவது கேட்டால் சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்கிறது.

எங்கே சேரலாம்?

“பப்ளிக் பாலிசி” என்று பெயர்ப்பலகை மாட்டிய படிப்பை மட்டும் தேடாதீர்கள். பொருளியல், வளர்ச்சியியல், சமூகப்பணி, பொது நிர்வாகம் எல்லாமே இங்கே கொண்டுவந்து சேர்க்கும். பட்டப்படிப்புக்குப் பொருளியலை எடுத்து, முதுகலையில் கொள்கைக்குத் திரும்புவது நல்லது என்பது என் கருத்து. முதலில் கணக்கைக் கற்றவர் பிறகு சமூகத்தைப் படித்துக்கொள்வார். அதை மாற்றிச் செய்பவர் முதுகலையில் புள்ளியியலைப் பார்த்துத் திணறுவார்.

பக்கத்திலிருந்து தொடங்கலாம். வீட்டிலிருந்து போய்வர வேண்டியவர்களுக்கு ஊரிலும் கோலாரிலும் உள்ள முதல்நிலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பெங்களூரில் பார்க்க வேண்டியவை மூன்று: ஐந்தாண்டு ஒருங்கிணைந்த பொருளியல் படிப்புக்காக 2017-இல் தொடங்கிய டாக்டர் பி.ஆர்.அம்பேத்கர் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். வளர்ச்சியியலில் முதுகலை தரும் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். பொதுக் கொள்கையில் முதுகலை தரும் தேசிய சட்டப் பல்கலைக்கழகம். ஆராய்ச்சிப் பட்டம்வரை போக நினைப்பவர், வி.கே.ஆர்.வி.ராவ் 1972-இல் நிறுவிய சமூகப் பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நாகரபாவியில் இருக்கிறது. அங்கே இடம் கிடைப்பதற்கு முன்பே அதன் நூலகம் உங்களுக்குப் பயன்படும்.

சென்னைப் பக்கம் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸும், மால்கம் ஆதிசேஷையா 1971-இல் தொடங்கிய அடையாறு வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளன. மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். திருவாரூரிலும் கலபுர்கியிலும் மத்தியப் பல்கலைக்கழகங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டுமென்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம்.

*குறிப்பு:* “தமிழ்தானே, தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைத்துவிடும்” என்ற நினைப்பு தங்கவயலில் நிறையப் பேரிடம் உண்டு. தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நீங்கள் பிற மாநிலத்தவர். கர்நாடகச் சாதிச் சான்றை வைத்து அங்கே இட ஒதுக்கீடு கேட்க முடியாது. பொதுப் பிரிவில்தான் போட்டி. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இந்தச் சிக்கல் இல்லை. எந்த மாநிலத்தில் வாங்கிய சான்றாக இருந்தாலும், மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருந்தால் போதும்.

விண்ணப்பம்: வரிசை தவறாமல்

தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வரிசை மாறாது.

1. பி.யூ.சி. முதல் ஆண்டிலேயே பாடத்தைக் கவனியுங்கள். பொருளியல் பட்டப்படிப்புகள் பலவற்றுக்குக் கணிதம் படித்திருக்க வேண்டும். வரலாறு, பொருளியல், அரசியல், சமூகவியல் மட்டும் எடுத்தவர்களுக்கு அந்தக் கதவுகள் பிறகு திறப்பதில்லை. பள்ளியில் கணிதம் விட்டுப்போனவர்கள் வளர்ச்சியியல், சமூகப்பணி வழியாக வரலாம்.

2. சேர விரும்பும் இடங்களை மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: கட்டாயம் கிடைக்கும் ஒன்று, கிடைக்கலாம் என்று தோன்றும் இரண்டு, எட்டாதது போலத் தெரியும் ஒன்று. எட்டாததை விட்டுவிடாதீர்கள். விண்ணப்பக் கட்டணத்தில் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு அநேகமாக எல்லா இடத்திலும் சலுகை உண்டு.

3. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூயெட்டுக்குப் பதிவு செய்யுங்கள். பட்டப்படிப்புக்கான க்யூயெட்டைத் தமிழிலோ கன்னடத்திலோ எழுதலாம். ஆனாலும் சேர்ந்த பிறகு வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். எந்த மொழியில் வேகமாகப் படித்துப் புரிந்துகொள்கிறீர்களோ அதைத் தேர்ந்தெடுங்கள். தேர்வு மொழியில் வீம்பு வேண்டாம். முதுகலைத் தேர்வில் இந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள்.

4. தனியாகத் தேர்வு நடத்தும் நிறுவனங்களின் அறிவிப்பைத் தனியாகக் கவனியுங்கள். தேசிய சட்டப் பல்கலைக்கழகம், அசிம் பிரேம்ஜி இரண்டும் தங்கள் தேர்வைத் தாங்களே நடத்துகின்றன.

5. நோக்க அறிக்கை கேட்டால் ஒரு பக்கத்தில் முடியுங்கள். “ஏழைகளுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்” என்று தொடங்கும் அறிக்கையைத் தேர்வுக்குழு நூற்றுக்கணக்கில் பார்க்கிறது. நீங்கள் நேரில் பார்த்த ஒன்றை, எண்ணோடு எழுதுங்கள். வீட்டிலிருந்து பெங்களூர் வேலைக்கு ரயிலில் போகும் அண்ணன் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், இரவு எத்தனை மணிக்கு வருகிறார், சம்பளத்தில் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறார் என்று நாலு வரி எழுதினால் அதுவே போதும்.

6. தேர்வு மையம் பெங்களூர் என்று வந்தால் முதல் நாள் இரவே போய்விடுங்கள். மாரிக்குப்பத்திலிருந்து விடிகாலை வண்டியைப் பிடித்து நேரத்துக்குப் போய்விடலாம் என்று நம்பி ஓராண்டை இழக்காதீர்கள்.

சான்றிதழ்: பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்

சாதிச் சான்றும் வருமானச் சான்றும் வருவாய்த்துறையின் நாட கச்சேரியில் வாங்க வேண்டும். சான்றில் ஆர்.டி. எண் என்று ஒன்று இருக்கும். உதவித்தொகை இணையதளம் கேட்பது அந்த எண்ணைத்தான். சான்றை லேமினேட் செய்து பெட்டியில் வைப்பதற்கு முன் அந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கவயலுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மூன்று நான்கு தலைமுறையாக இங்கே இருந்தாலும், “சொந்த ஊர் எது?” என்று கேட்டால் நம்மில் பலர் வேலூர், குடியாத்தம், திருப்பத்தூர், சித்தூர் என்போம். சான்று கேட்டு மனுப் போடும் இடத்தில் பழக்கதோஷத்தில் அதையே சொன்னால், “அப்படியானால் அங்கே போய் வாங்குங்கள்” என்ற பதில் வரக்கூடும். பொய் சொல்லச் சொல்லவில்லை. சட்டம் எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு அதற்குப் பதில் சொல்லுங்கள். பட்டியல் சாதி ஆணை 1950 ஆகஸ்டில் வந்தது. அந்தக் காலத்தில் உங்கள் குடும்பம் எங்கே நிரந்தரமாகக் குடியிருந்தது என்பதே கேள்வி. தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ மைன்ஸில் வேலை பார்த்த சர்வீஸ் சான்று, அந்தக்கால ரேஷன் கார்டு, அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்று, பழைய வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில் கிடைப்பதைத் திரட்டுங்கள். பழைய டிரங்குப் பெட்டியைப் பாட்டியை வைத்துக்கொண்டு திறங்கள். எந்தக் காகிதம் எதற்கு என்று அவருக்குத்தான் தெரியும்.

சரிபார்க்க வேண்டியவை:

- பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர், சாதிச் சான்றில் கன்னட உச்சரிப்புப்படி மாறிய எழுத்து என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். மாநில உதவித்தொகைத் தளம் பெயர் பொருந்தாவிட்டால் விண்ணப்பத்தை நிறுத்திவைக்கும். திருத்த வேண்டியதைப் பி.யூ.சி. படிக்கும்போதே திருத்துங்கள்.
- ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு மாணவர் பெயரில் இருக்க வேண்டும்.
- சாதியின் பெயர் பட்டியலில் உள்ளபடியே இருக்கிறதா? ஆதி திராவிடர் என்றிருக்கிறதா, உட்சாதிப் பெயர் இருக்கிறதா? உள் ஒதுக்கீட்டுக்கு மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்டு 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு கர்நாடகத்தில் இந்தக் கேள்விக்கு எடை கூடியிருக்கிறது. நடப்பு அரசாணையைப் பார்த்த பிறகு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.
- மத்திய நிறுவனங்களுக்கு மத்திய அரசு வடிவத்தில் தனிச் சான்று வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் சான்றானால் நடப்பு ஆண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

பணம்

எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய அரசின் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். வேறு மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலமே தருகிறது. ஆகவே சென்னையிலோ மும்பையிலோ சேர்ந்தாலும் விண்ணப்பிப்பது கர்நாடகத் தளத்தில்தான். அசிம் பிரேம்ஜி போன்ற இடங்களில் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைப்பார்கள். அதற்குத் தனிப் படிவம் உண்டு. பலர் அதை நிரப்பாமல் கட்டணத் தொகையைப் பார்த்தே பின்வாங்கிவிடுகிறார்கள்.

உதவித்தொகை தாமதமாக வரும். முதல் பருவத்துக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள். தெருவில் குழுக்கடன் கொடுப்பவரிடம் அம்மா பெயரில் வாங்கிச் சேர வேண்டாம். வாரத் தவணை முதல் வாரமே தொடங்கிவிடும். கல்லூரியில் தவணை முறை கேட்டு எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எஸ்.சி. மாணவர்களுக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகை விதிகளில் 2022-இல் ஒரு மாற்றம் செய்தார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு அந்தப் பணம் கிடையாது என்றார்கள். சமூகக் கொள்கை மாணவரை நேராகத் தாக்கும் விதி இது. என்னைக் கேட்டால் விதியே தவறு. விண்ணப்பிப்பவர் அந்த ஆண்டு விதிகளை வரி விடாமல் படித்துவிட்டுத் தலைப்பை எழுதுங்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு உதவும் கர்நாடக அரசின் பிரபுத்த திட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

ஊரையே முதல் ஆய்வாக எடுப்பது

முதல் ஆண்டிலேயே சிறு ஆய்வு ஒன்றைச் செய்யச் சொல்வார்கள். வகுப்பில் மற்றவர்கள் கேரளத்தையும் பிகாரையும் புத்தகத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கோ 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து தொடங்கியது முதல் 1956-இல் மைசூர் அரசு சுரங்கத்தைத் தேசியமயமாக்கியது, 1962-இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது, 1972-இல் தனி நிறுவனமானது, 2001-இல் மூடியது வரை ஒரு முழுக் கொள்கை வரலாறு வாசலில் கிடக்கிறது. சுமார் 800 டன் தங்கம் போன ஊர். 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர். தொழிலாளியின் லைன் வீட்டில் விளக்கு எப்போது எரிந்தது என்று கேட்டுப்பாருங்கள். அதுவே ஓர் ஆய்வுத் தலைப்பு.

இங்கே ஒரு கண்டிப்பு. ஊர்க்காரர் என்பதாலேயே எல்லாம் தெரியும் என்று எழுத உட்காராதீர்கள். மதிப்பெண் குறைவதற்கு முதல் காரணம் இதுதான். உங்களுக்குத் தெரிந்ததைக் காகிதமோ எண்ணோ தாங்க வேண்டும்.

*படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்.*

“மைன்ஸ் மூடியதால் மக்கள் கஷ்டப்படுகிறார்கள்” என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. யாரும் மறுக்க மாட்டார்கள், நீங்களும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரே லைனில் இருபது வீட்டை எடுத்துக்கொண்டு, மைன்ஸ் மூடியபோது வந்த செட்டில்மென்ட் பணத்தில் முதல் இரண்டு ஆண்டில் கடனுக்குப் போனது எவ்வளவு, கல்யாணத்துக்கு எவ்வளவு, பாங்கில் தங்கியது எவ்வளவு என்று கேளுங்கள். அது கேள்வி. இன்னும் சில:

- பெங்களூருக்கு ரயிலில் போய்வருபவர் ஒரு நாளில் வீட்டுக்கு வெளியே எத்தனை மணி நேரம் கழிக்கிறார்? அதே வேலைக்கு அங்கேயே தங்குபவரைவிட மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறார்?
- 1964-இல் வந்த பெமல் தொழிற்சாலையில் வேலை பார்த்த குடும்பங்களின் பிள்ளைகளும் சுரங்கக் குடும்பங்களின் பிள்ளைகளும் எதுவரை படித்திருக்கிறார்கள்?
- ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே ஷாஃப்டில் வேலை. ஒரு குடும்பம் கிறிஸ்தவம் தழுவியது. 1950 ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தருக்கு மட்டுமே எஸ்.சி. சான்று. இரு வீட்டுப் பேரப்பிள்ளைகளின் கல்விச் செலவில் என்ன வித்தியாசம்?
- தூசியால் வரும் சிலிகோசிஸ். இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது இந்தச் சுரங்கத்தில்தான் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு 500 கோடி ரேண்டு இழப்பீட்டு உடன்பாட்டை 2019-இல் ஜோகனஸ்பர்க் நீதிமன்றம் ஏற்றது. அதே ஆண்டு ராஜஸ்தான் இந்த நோய்க்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. இந்த இரண்டையும் தங்கவயலோடு ஒப்பிட்டால் முதுகலை ஆய்வுக்கே தாங்கும்.

*படி 2: காகிதத்தைத் தேடுங்கள், பிறகு ஆளைத் தேடுங்கள்.*

நாடாளுமன்றக் கேள்வி-பதில்களில் சுரங்கம் மூடியது, சலுகைத் தொகை, நிலம் பற்றி அமைச்சர்கள் சொன்னது அச்சில் இருக்கிறது. இணையத்தில் இலவசம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளும் அப்படியே. சமஸ்தானக் காலத்துக் கோப்புகளுக்கு விகாச சௌதாவில் உள்ள கர்நாடக ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கிப் போனால் வேலை எளிது. மைசூர்த் தொழிலாளர் வரலாற்றை ஜானகி நாயர் ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார். அதைப் படித்தால் எந்தக் கோப்பு எங்கே இருக்கும் என்று ஓரளவு பிடிபடும்.

பாரத் கோல்டு மைன்ஸ் மத்தியச் சுரங்க அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஆகவே தகவல் உரிமை மனு அங்கே போக வேண்டும். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் கட்ட வேண்டாம். ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ எழுதுங்கள். கர்நாடகத்திலிருந்து தமிழில் அனுப்பும் மனுவை வாங்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

மனு எப்படி இருக்க வேண்டும்? “தொழிலாளர்களுக்கு ஏன் வீட்டு உரிமை தரவில்லை?” என்று கேட்டால் ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். “ஏன்” என்பதற்குப் பதில் சொல்ல அந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. இப்படிக் கேளுங்கள்: “முன்னாள் ஊழியர்களுக்குக் குடியிருப்பு ஒதுக்குவது தொடர்பாக 2001 மார்ச் முதல் இன்றுவரை வெளியிடப்பட்ட ஆணைகளின், சுற்றறிக்கைகளின் நகல்களும், அவை ஒவ்வொன்றின்படியும் உரிமை மாற்றப்பட்ட வீடுகளின் மொத்த எண்ணிக்கையும் தேவை.” தேதி இருக்கிறது, ஆவணத்தின் பெயர் இருக்கிறது, எண்ணிக்கை கேட்கிறது. தனி ஆள் பெயர் கேட்கவில்லை. கேட்டால் அந்தரங்கம் என்று மறுப்பார்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். முதல் மனுவோடு விட்டுவிடுவதே வழக்கமான தவறு.

*படி 3: பெரியவர்களிடம் பேசுங்கள்.*

நோட்டை நீட்டிக்கொண்டு “தங்கள் மாத வருமானம் எவ்வளவு?” என்று தொடங்கினால் கதவு சாத்திக்கொள்ளும். “தாத்தா, நீங்க எந்த ஷாஃப்ட்ல எறங்குனீங்க?” என்று கேளுங்கள். சாம்பியன் ரீஃபா, நந்திதுர்க்கமா, மைசூர் மைன்ஸா என்பதில் தொடங்கி, வெக்கை எப்படி இருந்தது, ராக் பர்ஸ்ட் (பாறை வெடிப்பு) சத்தம் கேட்டதும் வீட்டுப் பெண்கள் எங்கே ஓடினார்கள் என்று அவராகவே போவார். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான குழியில் இறங்கியவருக்கு உங்கள் கேள்வித்தாள் பெரிதல்ல. பணக் கேள்விகளை மூன்றாவது சந்திப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அவர் வீட்டுப் பாட்டியே கணக்குச் சொல்ல ஆரம்பித்திருப்பார். செட்டில்மென்ட் பணம் போன வழி பெரும்பாலும் பாட்டிக்குத்தான் துல்லியமாகத் தெரியும். பாட்டியிடம் தனியாகப் பேச மறக்காதீர்கள்.

பல்கலைக்கழகம் சம்மதப் படிவம் கேட்கும். கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்க மைப்பெட்டியை நீட்டாதீர்கள். கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து 1930-இல் மூன்று வாரம் போல வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. படிவத்தைத் தமிழிலோ தெலுங்கிலோ படித்துக்காட்டி, வாய்ச் சம்மதத்தைக் கைப்பேசியில் பதிவு செய்யலாம் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த வாக்குறுதியும் கொடுக்காதீர்கள். உலகளாவிய டெண்டருக்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது, சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகளில் மிச்சத் தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் மாநில அமைச்சரவை சம்மதித்தது. இப்படி எத்தனையோ முறை “மைன்ஸ் திறக்கப் போகிறது” என்று கேட்டவர்கள் இவர்கள். நீங்கள் படிவத்தோடு வந்தால் “பணம் வருதா கண்ணு?” என்று கேட்பார்கள். “இல்ல தாத்தா, இது என் படிப்புக்கு” என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் பேசுபவர்தான் உங்கள் ஆய்வுக்கு வேண்டியவர்.

*படி 4: எழுதும்போது.*

பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஷாஃப்ட், லைன், வீட்டு எண், பிள்ளையின் வேலை நாலையும் ஒரே பத்தியில் எழுதினால் ஊரில் எவருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். இரண்டை விட்டுவிடுங்கள். தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதிவைத்து, ஆங்கிலமாக்குவதைக் கடைசியில் செய்யுங்கள். வருவாய்த்துறைக் காகிதம் கன்னடத்தில், கம்பெனிக் காகிதம் ஆங்கிலத்தில், பேட்டி தமிழிலும் தெலுங்கிலும் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் இவை எல்லாவற்றையும் படிக்கக்கூடிய ஆய்வாளர்கள் அதிகம் பேர் இல்லை. வகுப்பில் ஆங்கிலம் தடுமாறும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

- பழைய ஷாஃப்ட் வாய்களின் பக்கம் புகைப்படத்துக்காகக்கூடப் போகாதீர்கள். வேலி இல்லாத இடங்களில் விளிம்பு மண் எப்போது உள்வாங்கும் என்று சொல்ல முடியாது. மழைக்குப் பிறகு இன்னும் மோசம். மிச்ச மீதியை எடுக்க உள்ளே இறங்கி உயிர்விட்டவர்கள் உண்டு.
- சயனைடு மேட்டின் மேல் ஏறி அளவெடுப்பது, மண்ணைப் பையில் எடுத்துவருவது வேண்டாம். காற்று அடிக்கும் நாளில் மேட்டை ஒட்டிய தெருவில் பேட்டி எடுத்தால் முகக்கவசம் போடுங்கள். மண் பரிசோதனை வேண்டுமென்றால் அது ஆய்வகமும் அனுமதியும் உள்ளவர்கள் வேலை. நீங்கள் அவர்களுடைய அறிக்கையைப் படியுங்கள்.
- நிறுவன நிலத்துக்குள் நுழைய எழுத்து அனுமதி வேண்டும். “நம்ம ஊர்தானே” என்பது காவலரிடம் எடுபடாது.
- சட்டவிரோதமாகத் தாது எடுப்பது, கந்துவட்டி, கள்ளச் சாராயம் ஆகியவற்றைப் பற்றி யாராவது தாமாகப் பேசத் தொடங்கினால் பதிவை நிறுத்துங்கள். பெயரைக் குறிக்காதீர்கள். உங்கள் கைப்பேசியில் இருக்கும் குரல் நாளை அவருக்கு எதிரான சாட்சியாகலாம்.
- எந்தத் தெருவில், யார் வீட்டில் இருக்கிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். மாணவிகள் முதல் சந்திப்புக்கு அந்த லைனில் தெரிந்த அக்கா ஒருவரை அழைத்துப் போங்கள். மாலை விளக்கு வைத்த பிறகு புது வீட்டில் பேட்டி வேண்டாம்.
- பேசுபவர் இருமத் தொடங்கினாலோ, ஷாஃப்டில் இறந்த தம்பியைப் பற்றிப் பேசிக் கலங்கினாலோ நோட்டை மூடிவிட்டு உட்காருங்கள். அன்றைய பேட்டி அவ்வளவுதான்.

இனி செய்ய வேண்டியது

நாட கச்சேரிக்கு அடுத்த வாரமே போகலாம். க்யூயெட் பதிவு திறக்கும்போது செய்துகொள்ளலாம். ஆவணக் காப்பகக் கோப்புகள் அடுத்த பருவத்திலும் அங்கேயே இருக்கும். ஆனால் 2001-இல் ஐம்பது வயதில் வேலை இழந்தவருக்கு இன்று எழுபத்தைந்து ஆகிவிட்டது. நிலத்தடியில் முழுக்காலம் வேலை பார்த்தவர்களில் மிச்சமிருப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குறைகிறார்கள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், உங்கள் லைனில் உள்ள மூத்தவர் இருவரிடமாவது இந்த விடுமுறையிலேயே போய்ப் பேசிவிடுங்கள்.